மழை இரண்டாவதாக வந்த நாள்

ஜெரோப் மழையை ஓடி முந்தியவள். காற்றை அல்ல, குதிரையை அல்ல... மழையை! ஓட்டக்காரர்களின் மலையூரான இத்தேன் மேட்டில் யாரைக் கேட்டாலும் சத்தியம் செய்வார்கள். அன்று மைதானத்தில் இல்லாதவர்கள் இன்னும் பலமாகச் செய்வார்கள். கடைசி நிமிஷம்வரை நம்பாமல் இருந்தவள் ஒருத்திதான். ஜெரோப்பின் சொந்த அக்கா, முச்சந்தியில் டீக்கடை வைத்திருக்கும் ஜெலகட்.

எல்லாம் ஒரு மோதலில் ஆரம்பித்தது.

விடிகாலை. இறக்கத்தில் ஓடி வந்த ஜெரோப், சேற்றுக்குப் பயந்து குதிகாலை ஊன்றினாள்... வழுக்கினாள்... எதிரே வந்தவன் மார்பில் போய் விழுந்தாள். அவன் கையிலிருந்த சுரைக்குடுவை பறந்தது. கரி தடவிப் புளிக்கவைத்த முர்சிக் பால் அவள் தலையில் கொட்டியது.

"ஐயோ! ஜெயிச்சு வர்ற எங்க அண்ணனுக்கு வெச்சிருந்தது!" என்றான் அவன். பால் கறந்து வீடுவீடாக ஊற்றும் கிபிவொட். பிறகு அவளைப் பார்த்தான், சிரிப்பு வந்துவிட்டது. "ஜெயிச்சவங்களுக்குத்தான் முர்சிக் குடுப்பாங்க. ஒரு பந்தயமும் ஜெயிக்காம அதுல குளிச்ச முதல் ஆள் நீதான்."

"ஜெயிச்சுட்டு வந்து உன் தலையில ஊத்தறேன், இரு!"

"எப்படி ஜெயிப்பே? ஏத்தத்துல சிறுத்தை, இறக்கத்துல கிழட்டுப் பசு. பால் கேனோட தினமும் இந்த இறக்கத்துல ஓடறவன் நான், என் பின்னாடி ஓடி வா, காட்டறேன்."

"பால்காரன் பின்னாடியா? நானா?"

திரும்பி ஓடினாள். ஆனால் அந்தக் கண்கள்... மழைக்கு முந்தைய வானம் மாதிரிக் கறுத்து, உள்ளே மின்னலை வைத்துக்கொண்டிருந்த கண்கள்... மூன்று கிலோமீட்டர் தூரம் கூடவே வந்தன.

அடுத்த வாரம் வட்டாரப் பந்தயம். ஏற்றத்தில் முதலாவதாக இருந்தவள் சேற்று இறக்கத்தில் பதினோராவதானாள். மாவட்டப் பந்தயத்துக்கு எட்டு வாரம்தான் இருந்தது. அதில் முதல் ஆறு பேருக்குத்தான் தேசியப் போட்டி. இருபத்து மூன்று வயது... இந்த வருஷமும் போனால் டீக்கடையில் தட்டுக் கழுவ வேண்டியதுதான்.

திங்கட்கிழமை அவன் மாட்டுப்பட்டி வாசலில் போய் நின்றாள். "சரி... நீ முன்னாடி ஓடு."

அவன் சிரிப்பான் என்று பற்களைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவன் சிரிக்கவில்லை. பால் கேனைக் கீழே வைத்தான். "கீழே பார்க்காதே. என் முதுகைப் பாரு. குதிகாலை ஊனாதே, மலை இழுக்கற பக்கம் உன்னை விட்டுடு."

அங்கேதான் அவள் விழுந்தாள். சேற்றில் அல்ல.

தினமும் ஓட்டம். செவ்வாயன்று ஏற்றம், வியாழனன்று ஒரு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் மெதுவாக. அந்த எட்டு வாரத்தில் மலையே ஒரு முழம் தேய்ந்தது என்பார்கள்.

"மழையையே முந்துவேன் அக்கா!"

"மழையில பொறந்தவ மழையை முந்துவாளாம்!" ஜெலகட் டீயை ஆற்றினாள். "ஊரெல்லாம் உன்னையும் அந்தப் பால்காரனையும்தான் பேசுது. எனக்குப் பிடிக்கலை. நீ மழையை முந்தற அன்னிக்கு நானே அவனை வீட்டுக்குள்ள கூப்பிடறேன், போ."

பந்தய நாள். கடைசி ஏற்றத்தின் உச்சியில் ஐந்து பேர் அவளுக்கு முன்னால். பின்னால் சுவர் போல மழை, காட்டை விழுங்கிக்கொண்டு வந்தது. எதிரே சிவப்புச் சேற்று இறக்கம். ஐந்து பேரும் குதிகாலை ஊன்றினார்கள். ஜெரோப் கண்ணெதிரே இல்லாத ஒரு முதுகைப் பார்த்தாள்... தன்னை விட்டுவிட்டாள்.

முதலில் வந்தது ஜெரோப். இரண்டாவது வந்தது மழை! மற்ற பெண்கள் அதற்குப் பிறகுதான், தொப்பலாக நனைந்து.

முடிவுக் கோட்டருகே கிபிவொட், சட்டைக்குள் மறைத்து வைத்திருந்த புதுக் குடுவையை எடுத்து, குடையோடு நின்ற ஜெலகட்டிடம் நீட்டினான். "வீட்டு ஆளுங்கதான் குடுக்கணும், அக்கா."

ஜெரோப் ஜெயிப்பாள் என்று காலையிலேயே நம்பிக் கொண்டுவந்திருக்கிறான். அக்கா கொடுத்த குடுவையை அவள் வாங்கினாள். குடிக்கவில்லை. அவன் உதட்டருகே கொண்டுபோனாள்.



"தலையில ஊத்தறேன்னு சொன்னியே?" என்றான் மெதுவாக.

"மனசு வரலை. எனக்கு ஓடத்தான் தெரியும், கிபிவொட்... விழுறதுக்குப் பயப்படாம ஓட நீதான் கத்துக்குடுத்தே. இந்த நன்றியை ஒரு குடுவையில அடைக்க முடியாது. இனிமே முன்னாடி ஓட வேண்டாம்... ஆயுசுக்கும் பக்கத்துல ஓடு. எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு."

அவன் குடித்தான். மழையில் நனைந்த முகத்தில் எது மழை, எது கண்ணீர் என்று அவனுக்கே தெரியவில்லை.

எல்லோரும் ஜெலகட்டைப் பார்த்தார்கள். அவள் குடையை உதறினாள், மடக்கினாள், மறுபடி விரித்தாள்.

"என்ன பார்க்கறீங்க? டேய் பால்காரா, சாயந்திரம் வீட்டுக்கு வா. வாசல்லயே நிக்காதே, உள்ள வா." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கோட்டைத் தாண்டினப்ப இவளைத் தொட்டுப் பார்த்தேன்... வேர்வையைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. மழை ரெண்டாவதாத்தான் வந்துச்சு."