அகலாதவள்

புது டிவியில் எல்லோரும் குண்டாகிவிட்டார்கள், ஒருத்தியைத் தவிர.

கொபினா எஸில்ஃபி அதை முதல் நாளே கவனித்தார். கவனிப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலையும் இல்லை. தக்கோராடித் துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் கிரேன் ஓட்டியவர். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வந்த பக்கவாதம் வலது பாதி உடம்பையும் கழுத்தையும் பேச்சையும் ஒரேயடியாக எடுத்துக்கொண்டது. இடது பாதியில் உணர்ச்சி மிஞ்சியது, ஆனால் அசைவுக்குக் கண்களையும் இடது கைப் பெருவிரலையும் மட்டும் விட்டுவைத்தது. மகள் அராபா அவரைக் காலையில் கூடத்து நாற்காலியில் உட்காரவைத்து, தலை சாயாமலிருக்க இருபுறமும் தலையணை செருகுவாள். அதன்பிறகு எந்தப் பக்கம் பார்க்க வைத்தாளோ அந்தப் பக்கம்தான் அவருக்கு உலகம். கேள்வி கேட்டால் ஆமாம் என்பதற்கு இரண்டு தடவை இமைப்பார், இல்லை என்பதற்கு ஒரு தடவை.

ஹாம்பர்க்கில் இருக்கும் மகன் எபோ, அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று அந்த அகல டிவியை அனுப்பியிருந்தான். சுவரில் மாட்ட வந்த மெக்கானிக் ஃபீஃபி, சோதித்துப் பார்க்க வீட்டிலிருந்த சிடி ஒன்றைப் போட்டான். எஸில்ஃபியின் மனைவி எக்குவா இரண்டு வருடத்துக்கு முன் இறந்தபோது எடுத்த இறுதிச் சடங்கின் படம் அது.

"அய்யய்யோ, என்னக்கா இது? உங்க சர்ச் ஆளுங்க எல்லாம் பலூன் மாதிரி ஊதிட்டாங்க!"

"பாஸ்டரைப் பாரு, ரெண்டு பாஸ்டர் இருக்காரு," என்று அராபா சிரித்தாள். "டிவி ரிப்பேரா?"

"டிவி நல்லாத்தான் இருக்கு. படம் பழைய டிவிக்கு எடுத்தது, ஏறக்குறைய சதுரம். இது அகலம். இந்தப் பட்டனை அமுக்க அமுக்க மாறும் பாருங்க. 'நார்மல்'னா ஆளு ஆளா இருப்பாங்க, ஆனா ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். 'ஃபுல்'னா திரை நிறையும், ஆளும் குண்டாவாங்க. 'ஜூம்' போட்டா மேலயும் கீழயும் வெட்டிரும், பாஸ்டருக்குத் தலையே இருக்காது. 'பனோரமா'ல நடுவுல இருக்கிறவங்க தப்பிச்சிருவாங்க, ஓரத்துல நிக்கிறவங்க ரப்பரா இழுபடுவாங்க. நார்மல்ல வெச்சிடவா?"

"இவ்ளோ பெரிய டிவிய வாங்கி ஓரத்தையெல்லாம் கறுப்பா விடுறதா? எங்கண்ணன் கப்பலேறி வந்து என்னை அடிப்பான்."

அப்போது திரையில் எக்குவா வந்தாள். பித்தளைக் கட்டிலில், வெள்ளை லேஸ் உடுப்பில், கைகளை மார்பில் வைத்துப் படுத்திருந்தாள். கடைசி எட்டு மாதம் நோய் அவளை எலும்பாக்கியிருந்தது. கன்னமும் தோளும் ஒட்டிப்போய்த்தான் அவளைக் கட்டிலில் கிடத்தினார்கள். ஆனால் இந்தத் திரையில் கன்னம் உப்பியிருந்தது. தோள் நிறைந்திருந்தது.

"ஃபீஃபி, இரு, மாத்தாத," என்றாள் அராபா. அவள் குரல் இறங்கியிருந்தது. "நோய் வர்றதுக்கு முன்னாடி அம்மா இப்படித்தான் இருந்தாங்க. இல்லப்பா? ஃபுல்லயே இருக்கட்டுமா?"

எஸில்ஃபி இரண்டு தடவை இமைத்தார். கண் நிறைந்துவிட்டது. அதைச் சிமிட்டித் தெளித்துவிட்டுப் பார்த்தபோதுதான், கட்டிலின் கால்மாட்டில், திரையின் வலது ஓரத்தில், அவளைப் பார்த்தார். உயரமாக, கறுப்புத் துணி சுற்றி, தலையையும் கறுப்பால் கட்டிக்கொண்டு நின்றாள். முகம் தெளிவில்லை. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் தேநீரில் நனைத்த ரொட்டி போல உப்பிக் கிடக்க, அவள் மட்டும் குச்சியாக இருந்தாள். அன்றைக்கு வந்த ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கியவர் அவர். இவளை அவருக்குத் தெரியவில்லை. அராபாவின் பார்வையும் ஃபீஃபியின் பார்வையும் அந்த மூலையைக் கடந்து போயின. எங்கும் தயங்கி நிற்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மதியமும் ஒன்றுபோல நடந்தது. பாங்கு என்னும் சோளமாவுக் களியையும் வெண்டைக்காய்ச் சாற்றையும் பிசைந்து ஊட்டி, வாய் துடைத்து, ரிமோட்டை அவருடைய இடது உள்ளங்கையில் துணியால் கட்டிவிட்டு, சிடியைப் போட்டுவிட்டு, அராபா கடற்கரைக்கு மீனுக்குப் புகை போடப் போவாள். அது ஹார்மட்டான் காற்றின் மாதம். பாலைவனத்துப் புழுதி வீட்டுக்குள் வராமலிருக்கத் திரைச்சீலைகளை இழுத்து மூடிவிடுவாள். கூடம் பகலிலேயே தேன் நிறத்தில் மங்கிக் கிடக்கும், கூரைத் தகடு வெயிலில் முறுக்கேறிக் 'க்ளிக், க்ளிக்' என்று விரியும், காய்ந்த கதவுகள் தாமாக முனகும், புழுதியின் வாசனையோடு இப்போது இன்னொரு வாசனையும் சேர்ந்து வந்தது: கஞ்சி போட்டு மடித்து ரொம்ப நாள் பெட்டியில் வைத்திருந்த துணியைப் பிரித்தால் வருமே, அது.

நான்காம் நாள் மதியம் அந்த வாசனை முந்தைய நாட்களைவிடக் கனமாக இருந்தது. திரையில் பாடகர் குழு அசைந்து அசைந்து பாடிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சி கட்டிலிருந்த அறையில் எடுத்ததல்ல, தேவாலயத்து முற்றத்தில் எடுத்தது. ஆனாலும் அவள் அங்கேயும், அதே வலது ஓரத்தில், அதே உயரத்தில் நின்றாள். கேமரா திரும்பியது. பாடகர்கள் நகர்ந்தார்கள், மாமரம் நகர்ந்தது. அவள் நகரவில்லை.

எஸில்ஃபி பெருவிரலை அந்தப் பட்டன்மேல் கொண்டுபோக நீண்ட நேரமானது.

ஜூம். பாடகர்களின் தலைகள் மேலே வெட்டுண்டு போயின, பாதங்கள் கீழே போயின. அவளுக்குத் தலையும் இருந்தது, பாதமும் இருந்தது.

பனோரமா. ஓரத்தில் நின்ற கிழவரின் தோள் அப்பமாக இழுபட்டது. அவருக்கும் அப்பால் நின்ற அவள் இழுபடவில்லை.

மூன்றாவதை அழுத்த அவருக்கு மனமில்லை. ஆனால் விரல் ஏற்கெனவே இறங்கிவிட்டது.

நார்மல். படம் இரு பக்கமும் சுருங்கி நடுவில் சதுரமாக நின்றது. பாடகர்கள், மாமரம், வானம் எல்லாம் உள்ளே ஒடுங்கின. வலது பக்கம் வெறும் கறுப்புப் பட்டை. படம் இல்லாத இடம்.

அவள் அந்தக் கறுப்பில் நின்றாள்.

அவளுக்குப் பின்னால் மங்கலாக ஒரு கதவு நிலை, ஓரத்தில் மீனவர் சங்கத்து நாட்காட்டி. அந்த நாட்காட்டி எக்குவாவின் படுக்கையறைக் கதவுக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது. அந்தக் கதவு அவர் நாற்காலிக்குப் பின்னால், வலது பக்கம் இருக்கிறது.

அவள் படத்தில் இல்லை. திரைக் கண்ணாடியில் பிம்பமாக இருக்கிறாள்.

முதுகுத்தண்டு வழியாக ஏதோ ஏறியது, உயிருள்ள பாதியில் மட்டும். திரும்ப வேண்டும். கழுத்து மரமாக இருந்தது. கத்த வேண்டும். தொண்டையில் காற்று 'ஹா' என்று மட்டும் வந்தது. ஃபுல்லுக்கு மாற்றினார், படம் கறுப்பை மூடிவிடும் என்று. மூடியது. பாடகர்களின் வீங்கிய முகங்களின் மீது அவள் மெல்லிய கறையாகப் படிந்து நின்றாள். படம் எடுத்தவன் ஒவ்வொரு காட்சி முடிவிலும் திரையை ஒரு கணம் முழுக்க இருட்டாக்கியிருந்தான். பாட்டு முடிந்து இருண்டபோது அவள் கதவு நிலையைத் தாண்டியிருந்தாள். பிரார்த்தனை முடிந்து இருண்டபோது நாற்காலிக்கு மூன்றடி. ஊர்வலம் முடிந்து இருண்டபோது நாற்காலியின் முதுகு.

கண்ணை மூடினார். மூடினால் கேட்டது. கஞ்சித் துணி உரசும் ஓசை. திறந்தார்.

கல்லறைக் குழியில் பெட்டியை இறக்கும் காட்சி முடிந்தது. இருட்டு.

அவருடைய வலது தோளில் ஒரு கை.

திரையில் தெரிந்தது. நீளமான விரல்கள். ஆனால் வலது தோளில் அவருக்கு எதுவும் படவில்லை. அந்தத் தோள் செத்துப்போய் ஆறு மாதம். அந்தக் கை இப்போதுதான் வந்ததா? இல்லை இத்தனை நாளும் இருந்ததா?

வலப்பக்கத் தலையணை மெதுவாக அமுங்கியது.

வெளியே கேட் கிறீச்சிட்டது. செருப்புச் சத்தம். புகைமீன் வாசனை.

"அப்பா, காத்துல அடுப்பே நிக்கல, சீக்கிரமே வந்துட்டேன்," என்றபடி அராபா உள்ளே வந்தாள். "அடக் கடவுளே, என்ன இப்படி வேர்த்திருக்கு? அழுதீங்களா?"

ஒரு தடவை இமைத்தார். இல்லை. இல்லை. இல்லை. வராதே. இங்கே வராதே.

"என்ன இல்ல? வலிக்கலையா?" அவள் நாற்காலிக்கு அருகில் முட்டி போட்டு, தோளில் கிடந்த துணியால் அவர் வாயோரத்தைத் துடைத்தாள். அவர் கண்களைத் திரையை நோக்கித் தள்ளினார், அவளை நோக்கித் தள்ளினார், மறுபடி திரையை நோக்கி. அவளும் திரையைப் பார்த்தாள். அங்கே மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"புரிஞ்சுதுப்பா. தினமும் இதைப் போட்டு உங்களைக் கொன்னுட்டிருக்கேன். டிவிய அணைச்சிடவா?"

ஒரு தடவை. ஒரு தடவை. ஒரு தடவை.

"சரி, சரி, படபடக்காதீங்க. ரெண்டு தடவைக்கு மேலயே இமைச்சிட்டீங்க, அணைச்சிடறேன்."

அவர் உள்ளங்கையிலிருந்த ரிமோட்டை அவளே அழுத்தினாள்.

திரை மொத்தமும் கறுத்தது. ஓரம் முதல் ஓரம் வரை கூடம் அதில் தெரிந்தது. தலையணைகளுக்கு நடுவே அவர். அவர் மார்பில் தலை சாய்த்து, அவருடைய செத்த கையைத் தடவிக்கொண்டு அராபா. இருவருக்கும் பின்னால் அவள்.

படமே இல்லாத அந்தத் திரையில் அவள் அகலத் தொடங்கினாள். முதலில் தோள்கள். பிறகு கைகள். கறுப்புத் துணி இரு பக்கமும் மெல்ல மெல்ல இழுபட்டு, நாட்காட்டியை மூடி, கதவை மூடி, ஜன்னலின் தேன் நிற வெளிச்சத்தை மூடி, திரையின் இரு விளிம்புகளையும் தொட்டது. பிறகு முன்பக்கமாக, இருவர் மீதும் மடிந்தது.

"அழாதீங்கப்பா, நான் எங்கயும் போகல," என்றாள் அராபா, அதற்குள்ளிருந்து.