விக்கியின் செருப்பு

"என் புள்ள மேல அநியாயமா பழி போடுறாங்கய்யா!" என்று வந்து நின்ற மார்கரெட்டுக்கு மூச்சு வாங்கியது. போனில் சேதி கேட்டதும் திருப்பாலைவனத்திலிருந்து கிடைத்த பஸ்ஸைப் பிடித்து லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வந்திருந்தாள்.

ஓய்வு பெற்ற ஏட்டு சுப்பராயலு செய்தித்தாளை மடித்து வைத்தார். குப்பத்தில் எது காணாமல் போனாலும் ஜனம் அவரிடம்தான் வரும். அவர் துப்புத் துலக்கப் போகும் இடமெல்லாம் ஒட்டிக்கொண்டு போய், அவருக்கு முன்னால் பத்துப் பேர் மேல் சந்தேகப்பட்டு வைப்பவன் படகோட்டி குப்பன். அன்றைக்கு மட்டும் அவன் வாயே திறக்கவில்லை. மார்கரெட்டுக்கு டீ வாங்கி வந்து நீட்டினான்.

"நீ நல்லா இருக்கணும்ணா" என்றாள் அவள். குப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

விஷயம் இதுதான். குப்பத்துப் பெண் பெனிட்டா படித்துவிட்டு வந்து, குப்பனின் பழைய வலைக் கொட்டகையில் இரண்டு வருஷமாக ஓர் எந்திர மனிதனை நடக்கப் பழக்கிக்கொண்டிருந்தாள். பேர் விக்கி. இடுப்பு உயரம். மணலில் நடக்க அதற்குக் குப்பன்தான் மாதிரி. அவன் முழங்காலில் பொட்டுப் பொட்டாக ஸ்டிக்கர் ஒட்டி, நடக்கவிட்டுப் படம் பிடித்து, அந்த நடையை விக்கிக்கு ஏற்றியிருந்தாள். "மெய்யாலுமே நம்ம புள்ளதான்" என்று குப்பன் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தான். நாளைக்குப் பெரிய ஆட்கள் பார்க்க வருகிறார்கள். இன்று காலை கொட்டகையைத் திறந்தால் விக்கியின் இடது முழங்கால் முறிந்து கிடக்கிறது! கூட வேலை செய்யும் ராபர்ட், மார்கரெட்டின் மகன், போன வாரம்தான் பெனிட்டாவோடு சண்டை போட்டிருந்தான். சாவியும் அவனிடம் இருந்தது. பழி போட இது போதாதா?

"பத்து மணிக்குள்ள அவனா ஒத்துக்கணுமாம். இல்லன்னா ஸ்டேஷனாம். அப்புறம் எவன்யா அவனுக்கு வேலை குடுப்பான்?"

சொல்லிவிடலாம் என்று குப்பன் வாயெடுத்தான். அதற்குள் சுப்பராயலு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மார்கரெட்டும் கூடவே நடந்தாள்.

வழியில் குப்பனின் புதுப் படகு நின்றது. நேற்று முன்தினம்தான் நீலப் பெயின்ட் அடித்திருந்தான். இன்னும் தண்ணீரில் இறக்கவில்லை. குப்பன் அதன் பக்கம் திரும்பாமலே நடந்தான்.

கொட்டகை வாசலில் இரண்டு குட்டி ரப்பர் செருப்புகள் ஜோடியாக இருந்தன. விக்கியுடையவை. குப்பன் பழக்கதோஷத்தில் தன் செருப்பையும் பக்கத்தில் கழற்றிவிட்டு உள்ளே போனான். உள்ளே பெனிட்டாவும் ராபர்ட்டும் ஷூ காலோடு ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். ராபர்ட்டின் கண் சிவந்திருந்தது.

"பூட்டு உடையல. சாவி யார் யார்கிட்ட இருக்கு?" என்றார் சுப்பராயலு.

"எங்க ரெண்டு பேர்கிட்டதான். குப்பன் மாமாகிட்ட பழைய சாவி ஒண்ணு இருக்கும். ஆனா அவரு விக்கிய அப்படிப் பாத்துக்குவாரு" என்றாள் பெனிட்டா.

"வெளியாளுதான் ஏட்டய்யா!" குப்பன் குரல் அவனுக்கே அந்நியமாக ஒலித்தது. "எளாவூர் பக்கத்துலேர்ந்து எவனாச்சும் வந்திருப்பான்."

சுப்பராயலு குந்தி உட்கார்ந்து முறிந்த முழங்காலை விரலால் தடவினார். பிறகு வாசலைக் காட்டினார்.

"கெடுக்கணும்னு வந்தவன் விக்கியோட செருப்ப கழட்டுவானா? அப்படியே கழட்டினாலும் ஜோடி சேத்து வெச்சுட்டுப் போவானா? ராபர்ட்டு ஷூவோட உள்ள வர்றவன். அவனுக்கு அந்தப் பழக்கமே இல்ல. பெனிட்டா, நம்ம ஜனம் எதுல ஏறுறதுக்கு முன்னாடி செருப்ப கழட்டும்?"

"படகுல" என்றாள் பெனிட்டா மெதுவாக.

"விக்கிய எவனோ படகுல ஏத்தியிருக்கான். முழங்கால்ல நீலப் பெயின்ட் உரசல் இருக்கு, சரியா காயாத பெயின்ட். எந்திரம்னு நெனச்சவன் செருப்போட ஏத்தியிருப்பான். புள்ளன்னு நெனச்சவன்தான் கழட்டுவான்." அவர் குப்பனைப் பார்க்கவே இல்லை. "மிச்சத்த நானே சொல்லணுமா?"

குப்பன் பெனிட்டாவின் பக்கம் திரும்பினான். "நாந்தான் பாப்பா. புதுப் படகுல விக்கி கால்தான் மொதல்ல படணும்னு ஆசை. நேத்து சாயங்காலம் அவன் செருப்ப வாசல்லயே கழட்டி வெச்சுட்டு, தூக்கினு போயி படகுல நிக்க வெச்சு பட்டனைத் தட்டினேன். ஒரே அடிதான் வெச்சான், அப்படியே சாஞ்சுட்டான். பயந்துபோயி தூக்கியாந்து இங்கியே போட்டுட்டேன். அவன் ஏன் உழுந்தான்னு இன்னமும் புரியல."

பெனிட்டா தலையில் கைவைத்துக்கொண்டாள். "அந்தச் செருப்புல இருக்கற சென்சார்லதான் மாமா அதுக்குத் தரையே தெரியும். கழட்டிட்டா அந்தரத்துல தொங்குறோம்னு நெனச்சுக்கும்."

மரியாதை என்று நினைத்துக் கழற்றினானே பாவி! அதுதான் பிள்ளையின் காலை முறித்திருக்கிறது.

பெனிட்டா ராபர்ட்டிடம் மன்னிப்புக் கேட்டாள். அவன் திருப்புளியை எடுத்துக்கொண்டு விக்கியின் பக்கத்தில் உட்கார்ந்தான். ராத்திரிக்குள் முழங்காலை மாற்றிவிடலாம் என்று மட்டும் சொன்னான்.

மார்கரெட் மகனிடம் போகவில்லை. குப்பன் எதிரில் வந்து நின்றாள்.

"காலையில நான் அழுதுனு நிக்கும்போது, எல்லாம் தெரிஞ்சுதானேண்ணா எனக்கு டீ குடுத்தே?"

அவள் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். குப்பன் தலையைக் குனிந்தபடி வெளியேறி, சுடுமணலில் வெறுங்காலோடு நடந்தான். அவன் செருப்பு விக்கியின் செருப்புக்குப் பக்கத்திலேயே கிடந்தது.