ஒரே சேனலில் இரண்டு ஃப்ளாஷ்

“அது வேண்டாங்க…”

பக்கத்திலிருந்து குரல் வந்ததும் அவள் வெடுக்கென்று திரும்பினாள். நீலச் சட்டை. மழையில் நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. கழுத்தில் ஒரு கேமரா. கண்களில் மட்டும் அநியாயத்துக்குச் சிரிப்பு.

“உங்களை யாராவது கேட்டாங்களா?”

“கேக்கல. மனசுதான் கேக்கல.”

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கேமராக் கடைக்கு வந்து ஒரு பெண் ஃப்ளாஷ் கேட்டால் போதும்… பக்கத்தில் நிற்கிறவனுக்கெல்லாம் வாய் முளைத்துவிடும்! அவள் ஒன்றும் நேற்றுக் கேமராவைத் தொட்டவள் இல்லை. அண்ணனின் ஸ்டூடியோவில் பாதிப் படம் அவள் எடுத்ததுதான். ஆனால் தனியாக ஒரு கல்யாண வரவேற்புக்குப் போவது நாளைக்குத்தான் முதல் தடவை, அதுவும் பெண் வீட்டுக்காரர்கள் அவளையே கேட்டதால். அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டான். “இதுல மட்டும் சொதப்பின… வெளி வேலைங்கற பேச்சையே எடுக்கக் கூடாது. உள்ளயே உக்காந்து பாஸ்போர்ட் போட்டோ எடு.”

அந்தப் பயத்தில்தான் கடையிலேயே பவர் அதிகமான ஃப்ளாஷாகக் கேட்டிருந்தாள்.

“இதுக்குத்தான் பவர் அதிகம்,” என்றாள் கடைக்காரரிடம், நீலச்சட்டைக்கும் கேட்கட்டும் என்று.

“பவர் இருக்கு. தலைதான் திரும்பாது,” என்றான் அவன். “மேல மட்டும் நிமிரும். கேமராவைச் சாய்ச்சுப் புடிச்சு, ஆளை முழுசா எடுக்கப் பாருங்க… கூரைக்குப் போக வேண்டிய வெளிச்சம் எங்கயோ சுவத்துக்குப் போயிடும்.”

அவள் பதில் சொல்வதற்குள் கடைக்காரரிடம் இன்னொரு ஃப்ளாஷை வாங்கித் தன் கேமராவில் மாட்டிவிட்டான். கொஞ்சம் சின்னது. அதன் தலை எல்லாப் பக்கமும் திரும்பியது.

“அங்கேயே நில்லுங்க. ரெண்டே கிளிக்.”

முதலில் நேராக அடித்தான். திரையில் பார்த்தால் நெற்றி எண்ணெய் வழிய, பின்னால் கறுப்பு நிழலோடு, திருட்டுக் கேஸில் பிடிபட்டவள் மாதிரி ஒருத்தி! அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து ஃப்ளாஷின் தலையை மேலே திருப்பி, வெள்ளைக் கூரையில் வெளிச்சத்தை மோதவிட்டு எடுத்தான்.

அவள் பார்த்தாள்… பார்த்துக்கொண்டே நின்றாள்.

இது… நானா? கன்னத்தில் மெல்லிசாக வெளிச்சம். இமையோரத்தில் உட்கார்ந்திருந்த மழைத்துளி. சற்று முன் வந்த சிரிப்பின் மிச்சம். எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் விழுந்தது என்றே தெரியவில்லை. எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நிற்பவளை யாரும் இப்படிப் பார்த்ததில்லை. நெஞ்சு படபடத்தது. வெளிச்சத்தைப் பார்த்த பிரமிப்பா, இல்லை இவனையா…? சே, என்ன நினைப்பு இது!

“யோசிச்சு சொல்றேன்,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் மழையில் இறங்கித் தெருமுனையில் மறையும் வரை அட்டைப்பெட்டிகளை வேடிக்கை பார்த்தாள். பிறகு மெதுவாக, “அவர் காட்டினதையே குடுத்துடுங்க… ட்ரிகரோட,” என்றாள்.

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “அவரும் இப்பத்தான் இதே செட் வாங்கினாரும்மா. அவருக்கும் நாளைக்கு ஏதோ வேலையாம்.”

அந்த ஏதோ வேலை எது என்று மறுநாள் மாலை மண்டபத்தில் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டுப் போட்டோகிராபர்… நீலச்சட்டை! இன்று வெள்ளைச் சட்டைதான். அவளுக்கு என்னவோ அவன் நீலச்சட்டையாகத்தான் தெரிந்தான்.

அவள் ஃப்ளாஷை ஸ்டாண்டில் ஏற்றி மேடையின் இடது மூலையில் நிறுத்தியிருந்தாள். கேமராவின் மேல் உட்கார்ந்திருக்கும் ட்ரிகர் என்ற சின்னப் பெட்டி சொன்னால், கம்பி இல்லாமலே அது வெளிச்சம் அடிக்கும். அவனுடையது வலது மூலையில்.

“யோசிச்சு முடிச்சிட்டீங்க போல!”

“கடையில வேற இல்ல.”

“ஓ… அப்படியா!”

அந்த ‘அப்படியா’வில் அவளுக்குக் காது சூடாகியது.

வரவேற்பு தொடங்கியது. தொடங்கிய கொஞ்ச நேரத்தில் விபரீதமும் தொடங்கியது. அவள் தொடாமலே அவள் ஃப்ளாஷ் பளீரென்று அடித்தது! மறுபடி… மறுபடி… அவள் அழுத்தும்போதோ, அது மூச்சு வாங்கிக்கொண்டு சும்மா நின்றது. பெண்ணின் அப்பா மேடையேறி மகளின் தலையைத் தொட்ட படம் ஒரே இருட்டு. போச்சு… எல்லாம் போச்சு! அண்ணனின் முகம் கண்முன் வந்தது.

அப்போதுதான் கவனித்தாள். அவன் விரல் அழுத்தும் போதெல்லாம் அவள் ஃப்ளாஷ் அடித்தது.

“வேணும்னேதானே பண்றீங்க? நான் சொதப்பணும்… நீங்க சிரிக்கணும்… அதானே?”

அவன் முகம் சுருங்கிவிட்டது. அவள் ட்ரிகரைப் பார்த்தான். தன்னுடையதையும் பார்த்தான். தலையில் அடித்துக்கொண்டான்.

“ரெண்டும் ஒண்ணாம் சேனல்ல இருக்குங்க. ரேடியோ மாதிரி… ஒரே நம்பர்ல இருந்தா நான் அழுத்தறது உங்க ஃப்ளாஷுக்கும் கேக்கும். புதுசா பிரிச்சா அப்படித்தான் இருக்கும். வேற போட்டோகிராபர் இருக்கற இடத்துல மாத்திக்கணும். நீங்க மாத்தல… நானும்தான் மாத்தல.”

அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. “அப்ப… இப்ப மாத்திடலாம்.”

“மாத்தலாம். ஆனா உங்க ஃப்ளாஷைத் தொட்டுப் பாருங்க, கொதிக்குது. இனி முழு பவர்ல அடிச்சா நின்னே போயிடும்.” கொஞ்சம் யோசித்தான். “பேசாம ஒண்ணுலயே விட்டுடுவோம். ரெண்டு லைட்டையும் குறைச்சு வெச்சுக்கலாம். யார் அழுத்தினாலும் ரெண்டும் சேர்ந்து அடிக்கட்டும். முறை வெச்சு எடுப்போம்… நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு.”

“நான் அப்படிப் பேசினதுக்கப்புறமும் ஏன்…?”

“உங்களுக்கு இது முக்கியம்னு நீங்க கோவப்பட்டதுலயே தெரியுது.”

அப்புறம் என்ன… முறை வைத்து எடுப்பதென்றால் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தாக வேண்டுமே! கூட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அவள் பார்ப்பாள், அந்தக் கோடியிலிருந்து அவன் தலையசைப்பான். உங்க முறை… என் முறை… ஒவ்வொரு தடவையும் அவளுக்குள் ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது. இப்போது படங்களில் இருட்டே இல்லை.

மேடை ஓரமாக மாப்பிள்ளையின் அம்மா நின்றிருந்தார். காது கேட்காது, பேச்சும் வராது. மாலை முழுக்க எல்லோருக்கும் சிரிப்பை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார். திடீரென்று மணப்பெண் அவர் முன்னால் போய் நின்றாள். கைகளை உயர்த்தினாள். விரல்கள் தயங்கித் தயங்கி, தப்பும் தவறுமாக, சைகையில் பேசின. ‘உங்க பொண்ணா வந்திருக்கேன், அம்மா.’ யாருக்கும் சொல்லாமல் கற்றுக்கொண்டிருக்கிறாள்!

மாப்பிள்ளையே திகைத்துப் பார்த்தான். அந்த அம்மாவின் கைகளும் மேலே எழுந்தன.

அவள் கேமராவை உயர்த்திவிட்டாள். ஐயோ… முறை அவனுடையது! தவிப்போடு எதிர்ப்பக்கம் பார்த்தாள். அவன் கேமராவைத் தாழ்த்திவிட்டு அசையாமல் நின்றிருந்தான். அவள் அழுத்தினாள். இரண்டு மூலையிலிருந்தும் வெளிச்சம் ஒரே நேரத்தில் வந்து நான்கு கைகளின் மேலும் விழுந்தது.

திரையில் பார்த்தாள். நான்கு கைகள், இரண்டு முகங்கள், வழியத் தயாராக நிற்கும் கண்ணீர். இதை எடுத்தது நானா? அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

படத்தை அண்ணனுக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது. “யாரு எடுத்தது?” “நான்தான்ணே.” அண்ணன் அதையே இன்னொரு தடவை கேட்டான். அப்புறம், “அடுத்த வாரம் இன்னொரு வரவேற்பு இருக்கு. நீயே போயிடு,” என்றான்.

வரவேற்பு முடிந்து நீலச்சட்டை தன் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டிருந்தான். அவள் போய் எதிரில் நின்றாள்.

“உங்க முறையை எனக்கு விட்டுக் குடுத்தீங்களே… மாப்பிள்ளை வீட்டுல கேட்டா என்ன சொல்வீங்க? இந்தப் படத்தை நீங்களும் எடுத்துக்கங்க. பாதி வெளிச்சம் உங்களுதுதான்.”

அவன் நிமிரவில்லை. “விட்டுக் குடுக்கலங்க.”

“பின்ன?”

“அழுத்த மறந்துட்டேன்.”

“மறந்தீங்களா! அப்படி ஒரு காட்சியைப் பார்த்துட்டுமா?”

“நான் அதைப் பார்க்கவே இல்ல…” இப்போதுதான் நிமிர்ந்தான். கண்களில் அந்தச் சிரிப்பு இல்லை. “உங்களைத்தான் பார்த்துட்டு இருந்தேன். மத்தவங்க சந்தோஷத்தைப் பார்த்து ஒருத்தர் முகம் இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது. கேமரா தானா கீழ இறங்கிடுச்சு. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க. வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

வெளியே மழை பெய்வது அப்போதுதான் காதில் விழுந்தது.

“எங்க அண்ணன்கிட்ட வந்து பேசுவீங்களா?”

“பேசறேன்… பயமாத்தான் இருக்கு.”

அவள் சிரித்துவிட்டாள். அவனைப் பார்த்து முதல் முறையாக, ஒளிக்காமல்.

“எனக்கும் உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு,” என்றாள். சொல்லும்போது தரையைப் பார்க்கவில்லை, அவன் கண்ணைத்தான் பார்த்தாள்.