ஒன்பதாம் நாள் விசாரணை

நல்லையா செத்துக் கிடந்தார்!

கண்கள் திறந்தபடி... உதடுகள் உலர்ந்து வெடித்து...

பதுளையிலிருந்து பத்து மைல் குதிரை வண்டியில் குலுங்கி வந்த விசாரணை அதிகாரி வைரவநாதன், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். 1912ஆம் வருஷத்து மழை, தகரக் கூரையை வெளுத்து வாங்கியது.

தேயிலைக் கொழுந்து பறிக்கத் தெம்பில்லாமல் போனவர்களுக்கான விடுதி அது. நல்லையா அதன் மேனேஜர். அங்கே நோயாளிகளுக்கு வைத்தியம் மறுக்கப்படுவதாக வந்த மனுவைத்தான் வைரவநாதன் விசாரிக்க வந்திருந்தார்.

விசாரிக்க வேண்டிய ஆளோ... பிணம்!

"எப்ப செத்தாரு?"

"காலைலதாங்க" என்றாள் சமையல்காரி இராக்கம்மா. அறுபது வயது. கண்ணில் சொட்டு ஈரமில்லை. "பன்னெண்டு நாளாக் காய்ச்சலுங்க."

"டாக்டர்கிட்ட கொண்டு போனியா?"

"இல்லீங்க."

"அவரு கேக்கலையா?"

"கேட்டாரு. அழுதாரு. கால்ல விழப் பாத்தாரு... கட்டில விட்டு எறங்க முடியல."

"விடுதி வண்டி?"

"வாசல்லதான் நின்னுச்சு."

"இது கொலை!"

"அப்படிங்களா?" அவள் நிதானமாக முந்தானையைச் செருகினாள். "மாசி மாசம் எம் புருசன் வீரய்யாவும் இதே காய்ச்சல்ல கெடந்தாரு. அப்பவும் வண்டி வாசல்லதான். மேனேஜர் ஐயா அனுப்பல. 'கொறை இருந்தா பதுளைக்கு மனு எழுதிப் போடு, பதில் வரட்டும்'னாரு. ஆள் வச்சு எழுதிப் போட்டேன். புருசன் போய்ச் சேந்துட்டாரு. அதுக்குப் பேரு என்னங்க?"

வைரவநாதன் அந்தப் பெயரை எங்கோ படித்திருந்தார்.

வீரய்யா!

அந்த மனு அவர் மேசைக்குத்தான் வந்தது. 'மேனேஜரே கவனிக்கவும்' என்று கையெழுத்திட்டு, நல்லையாவுக்கே திருப்பி அனுப்பியவர் அவர்தான்!

குரலை உயர்த்தினார்.

"பழைய கதை வேணாம்! இந்த மொட்டை மனுவை எழுதினது யாரு? அந்த ஆளைக் கூப்பிடு!"

"கூப்பிட்டா வரமாட்டாருங்க."

"பயமா?"

"அங்கதான் கெடக்குறாரு."

அவள் விரல் கட்டிலை நோக்கி நீண்டது!

வைரவநாதன், நல்லையா கைப்பட எழுதிவந்த விடுதிப் பதிவேட்டை எடுத்து, மனுவோடு ஒப்பிட்டார்.

அதே எழுத்து... நடுங்கிப் போன அதே எழுத்து!

"டாக்டர் வேணும்னாரு. காகிதமும் பேனாவும் குடுத்தேன். பேரு போடுறதுக்குள்ள கை ஓஞ்சிருச்சு. நானே நடந்து போய்த் தபால்ல போட்டேங்க. எனக்குச் சொன்ன வழியத்தானே அவருக்கும் காட்டினேன்?"

"உன்னைத் தூக்குல போடுவாங்க!"

"போடட்டுங்க. நீங்க திருப்பி அனுப்புன மனு மேனேஜர் பெட்டில கெடந்துச்சு. கீழ யாரு கையெழுத்துன்னு படிக்கச் சொல்லிக் கேட்டுட்டேன். கோர்ட்டுல அதையும் காட்டுறேன்."



வைரவநாதன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். அறிக்கையில் ஒரே வரி... 'காய்ச்சலால் இயற்கை மரணம்.'

தலை நிமிராமல் வண்டி ஏறப் போனவருக்கு, இராக்கம்மா குடை பிடித்தபடி கூடவே வந்தாள்.

"எம் புருசன் மனுவுக்கு ஏழு மாசமா ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. இவருக்கு ஒம்பதே நாள்ல நீங்களே வந்துட்டீங்க... என்ன இருந்தாலும் மேனேஜர்னா மேனேஜர்தாங்க!"