வைக்கோல் கன்று

காலையில் சுவரைப் பார்த்து நிறுத்திவிட்டுப் போன வைக்கோல் கன்று, சாயங்காலம் வீட்டைப் பார்த்து நின்றிருந்தது.

செவலை முட்டித் தள்ளியிருக்கும் என்று வெனிலா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாட்டின் கயிறு அவ்வளவு தூரம் எட்டாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் பால் சொசைட்டி வண்டி வருவதற்குள் கறந்தாக வேண்டும். நின்று யோசிக்க நேரம் ஏது?

செவலை ஈன்ற கன்று பத்து நாள்கூடத் தாங்கவில்லை. காளைக் கன்று. காளைக் கன்றுக்குப் போய் வயிறு நிறையப் பால் விட யாருக்கு மனசு வரும்? நாலு காம்பையும் ஒட்டக் கறந்துவிட்டு, கடைசி நுரைக்குத்தான் வெனிலா அதை அவிழ்த்துவிட்டாள். அது துவண்டு விழுந்து செத்த பிறகு, செவலை பாலை அடக்கிக்கொண்டு எட்டி உதைத்தது. ஊசி போட்டுக் கறக்கச் சொன்னார்கள் பக்கத்து நிலத்துக்காரர்கள். "நம்ம புள்ளைங்களும் குடிக்கிற பாலு. ஊசிலாம் வாணாம்" என்றான் அவள் கணவன் இன்னாசிராஜ். கன்றின் தோலுக்கு உப்புத் தடவிக் காயவைத்து, உள்ளே வைக்கோலைத் திணித்து, கோணி ஊசியும் சணலுமாகக் கழுத்திலிருந்து வால்வரை அவனே தைத்தான். காலுக்கு நாலு குச்சி. மேலே உப்புத் தண்ணீர் தெளித்தால் மாடு நக்கும், நக்க நக்கப் பால் இறங்கும்.

செவலை ஒரு வாரம் ஏமாந்தது. பிறகு மோந்து பார்த்து மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. அப்போதுதான் வெனிலாவுக்கு அந்த யோசனை வந்தது. கைக்குழந்தை தேவா படுத்திருந்த துணியை, பால்வாசனையும் மூத்திரவாசனையுமாக அப்படியே உருவிக்கொண்டு வந்து வைக்கோல் கன்றின் முதுகில் போர்த்தினாள். மாடு கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு நக்க ஆரம்பித்தது. அன்றைக்குக் கேன் நிறைந்தது. "நீ பெரிய ஆளுதான் வெனி" என்று இன்னாசிராஜ் சிரிக்க, அவளும் சிரித்தாள். அதிலிருந்து தினமும் தேவாவின் துணிதான்.

அதற்குப் பிறகு, வீட்டுக்குள் தேவா அழும்போதெல்லாம் கொட்டகையில் செவலையின் காம்புகளிலிருந்து பால் தானாகத் தரையில் சொட்டியது. முதல் இரண்டு தடவை அதையும் வேடிக்கையாகத்தான் பார்த்தாள்.

இப்போது கன்றை மாட்டின் முன்னால் இழுத்து வைக்கப் போனாள். காலையில்கூட ஒற்றைக் கையால் தூக்கியது, சாயங்காலம் இரண்டு கையாலும் அசையவில்லை. மழை ஈரம் வைக்கோலில் ஏறியிருக்கும் என்று நினைத்தாள். ஆனால் தோல் காய்ந்துதான் இருந்தது. காய்ந்து, வெதுவெதுப்பாக இருந்தது. தம் பிடித்து இழுத்துவிட்டு, கையைப் பாவாடையில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டு கறக்க உட்கார்ந்தாள். புது மழையில் சாணமும் புளித்த தவிடும் கலந்து கமழும் கொட்டகையில், மாட்டின் சொரசொரத்த நாக்கு காய்ந்த தோலை நீளநீளமாக இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிழியாமலே பால் இறங்கியது. கெட்டியாக, மஞ்சளாக இறங்கியது. அன்றுதான் ஈன்ற மாடு தரும் சீம்பால்.

கோயில் மணி அடித்தது. பால் கையோடு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். இடுப்பில் செருகியிருந்த போன் ஒலித்தது. மல்லாட்டைக் கடலை மூட்டைகளோடு திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்குப் போயிருந்த இன்னாசிராஜ்.

"கமிட்டில இன்னும் மூட்டைய எடுக்கவே இல்ல, ஒரே பேஜாரு. ஜல்தியா வந்துர்றேன். தேவா இன்னா பண்றான்?"

"தூங்கிக்கினு இருக்கான்ங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. மதியத்திலிருந்து பிள்ளை அழவே இல்லை. அவளுடைய மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. கேனை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். பாதி வழியில் கரண்டு போனது.

உள்ளே, புடவையில் கட்டிய ஏணையை மூத்தவள் அருணா ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றாம் வகுப்பு, காலாண்டு லீவு.

"தம்பி எழுந்தானாடி?"

"இல்லம்மா. செவலயப் பாத்ததுலேந்து தூங்கிக்கினே இருக்கான்."

"இன்னாது?"

"நீ மல்லாட்ட காய வைக்கப் போன இல்ல? செவல கத்திக்கினே இருந்துச்சி. பாவமா இருந்துச்சிம்மா. அதான் தம்பியத் தூக்கிக்கினு போய்க் காட்னேன். நல்லா நக்கிச்சி."

அடிக்க ஓங்கிய கை பாதியில் நின்றது. "அப்பறம் நீதான தூக்கியாந்த?"

"நான் எங்க தூக்கியாந்தேன்? வைக்கோல் கன்னு என்னப் பாத்துச்சி. பயந்துக்கினு ஓடியாந்துட்டேன்." அருணா ஏணையைப் பார்த்தாள். "வந்து பாத்தா தம்பி இங்கயே இருந்தான்."

வெனிலா ஏணைக்குள் இரண்டு கையையும் விட்டு அள்ளினாள். கனம் எதிர்பார்த்த கை சட்டென்று மேலே வந்துவிட்டது. இளைத்திருக்கிறான், என் பால் பத்தவில்லை, நாளைக்கே டாக்டரிடம் காட்டவேண்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மார்போடு அணைத்தாள். பழைய வைக்கோல் வாசனை. தன் கையிலிருந்துதான் வருகிறது என்று நினைத்தாள். குனிந்து நெற்றியில் முத்தமிட்டாள்.

உப்பு.

மாட்டு எச்சில். அதுதான். வேறென்ன.

தலையைத் தாங்கிய விரல்கள் பிடரிக்குப் போயின. சணல். ஒரு முடிச்சு. அதற்குக் கீழே இன்னொன்று. முதுகுவரை. கோணி ஊசித் தையல்.

கத்த வாயைத் திறந்தாள். அந்த நேரம் கொட்டகையிலிருந்து தேவாவின் குரல் வந்தது. அழுகை இல்லை. வயிறு நிறைந்த பிள்ளையின் கொஞ்சல். கூடவே, நிதானமாக, நாக்கு இழுக்கும் சத்தம்.

ஓட வேண்டும். எழுந்து ஓட வேண்டும். ஆனால் தலை மறுபடி அந்த நெற்றிக்குக் குனிந்தது. குரல் காதில் விழுந்ததுமே மார்பு கூசிப் பால் இறங்கிவிட்டது. உதட்டில் உப்பு. இன்னும் கொஞ்சம் உப்பு.

"ம்மா" என்றாள் அருணா இருட்டிலிருந்து. "ஏம்மா தம்பிய நக்கிக்கினே இருக்க?"

வெனிலாவால் நிறுத்த முடியவில்லை. மடியில் கிடந்தது குடிக்கவில்லை. பால் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.