அகஸ்ரினின் காட்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் ஓய்வூதியம் அடுத்த மாதமே நின்றுபோகட்டும். கனடாவின் ஸ்காபரோவில் இதைவிடப் பெரிய சத்தியம் எவரும் செய்ய முடியாது.

நான் காவலுக்கு நின்ற மீன் கிடங்கில் பிறீசர் என்கிற உறைகுளிர் அறையைத் திறக்கக் கதவில் காட்டுகிற அட்டை, காட், வேண்டும். எங்கள் எல்லாரிடமும் காட் இருந்தது. ஒழுங்காக வேலை செய்தது எங்களோடு நின்ற அகஸ்ரினுடையது மட்டும். இலையுதிர் காலத்தில் அவர் மாரடைப்பில் செத்துப்போனார். காட்டை ஆணியில் கொழுவிவிட்டு எல்லாரும் அதையே பாவித்தோம். கணினியைப் பொறுத்தவரை, செத்த மனிதர் லீவே எடுக்காமல் வேலைக்கு வந்தார்.

பனி கொட்டிய ஒரு பின்னேரம், கணினி பார்க்கிற ஜெனோசன் வந்து அகஸ்ரினின் பெயரை அழித்துவிட்டுப் கதவு யாருக்குத் திறக்கலாம் என்கிற புதிய பெயர்க்கோப்பை ஏற்றினான். எங்களோடு வேலை செய்கிற பெடியன் கிருபன் அப்போது பிறீசருக்குள் இறால் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான்.

கதவு பூட்டிக்கொண்டது.

எந்தக் காட்டுக்கும் அசையவில்லை. உள்ளேயிருந்து தட்டல் கேட்டது.

"கதவைத் திறக்கிற சேர்விஸ் ஓடுது, அங்கிள்," என்றான் ஜெனோசன். "கணினியில இருக்கிற லினக்ஸின்ர பாதுகாப்பு விதிதான் அதைப் புதுக் கோப்பை வாசிக்க விடுதில்லை. கோப்பில ஒட்டியிருக்கிற அடையாள லேபல் பிழையாம்."

"அப்ப லேபலை மாத்தும்."

"மாத்திட்டன். அது திரும்பப் பழையபடி வருது."

"விதியையே நிப்பாட்டும்."

நிறுத்தினான். விதி தளர்ந்துவிட்டதாகத் திரை சொன்னது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே தானாக இறுகியது.

மறுபடி நிறுத்தினான்.

மறுபடி இறுகியது.

நான் இரும்புக் கம்பியால் கதவை நெம்பினேன், கம்பிதான் வளைந்தது. நாங்கள் அழைத்த தீயணைப்பு வண்டி எங்கோ பனிக்குள் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. தட்டல் மெல்ல மெல்லத் தளர்ந்தது. அகஸ்ரின் முழங்காலுக்குப் பூசுகிற தைலம் அந்த இடமெங்கும் மணத்தது.

"ஆர் மாத்துறதெண்டு பாரும்."

ஜெனோசன் பதிவுகளைத் திறந்தான். திரையில் ஒரு பெயரை விரலால் காட்டினான்.

அகஸ்ரின்.

"நான் அழிச்ச ஆள், அங்கிள்," என்று கிசுகிசுத்தான்.

தட்டல் நின்றது.

"ஆளைத் திரும்பப் போடும்."

"செத்தவருக்கு அக்கவுண்ட் குடுக்கேலாது, அங்கிள். கணக்குப் பார்க்கிற ஓடிற்றில பிடிப்பாங்கள்."

"கொஞ்சம் பொறுத்தால் கிருபனுக்கும் குடுக்கேலாது. போடும்."

பெயரைப் போட்டான். கதவு சத்தமில்லாமல் திறந்தது.

கிருபன் இறால் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நின்றான். புருவமெல்லாம் வெள்ளை, உதடு நீலம்.

"ஏனடா தட்டுறதை நிப்பாட்டினனீ?"

"நான் எங்க தட்டினனான்? எனக்குக் கையே அசையேல்லை. அகஸ்ரின் அண்ணையெல்லோ தட்டினவர்."

அதற்குப் பிறகு அந்தப் பெயரை எவரும் தொடவில்லை. ஒவ்வொரு காலையிலும் எங்களுக்கு முன்னரே அகஸ்ரின் உள்ளே போய்விட்டதாகத் திரை காட்டுகிறது.

அந்தக் கதவை உள்ளேயிருந்து தள்ளினால் காட் இல்லாமலே திறக்கும்; தட்டிய அகஸ்ரினுக்கும் அது தெரியும்.