சத்தத்தை முந்திய வாழ்த்து அட்டை

மார்ச் பதினெட்டு, மாலை நான்கு மணி பத்து நிமிடம். தூறல் நின்றிருந்தது. சிட்டுவின் சித்தி படம் வரையும் அறைக்குள் மங்கலான வெயில் எட்டிப் பார்த்தது.

சித்தி வாழ்த்து அட்டைகளுக்குப் படம் வரைபவர். அதிவேகச் சோதனை விமானங்களைச் செய்யும் தொழிற்கூடம் ஒன்று, தன் புதிய விமானத்தின் படத்துடன் அட்டை கேட்டிருந்தது. அதன் பொறியாளர் இன்று ஒப்புதல் தாளில் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். சித்திக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அது.

பொறியாளர் படத்தைக் கண்ணருகே பிடித்தார்.

"கை அசைக்கிறாரே, இவர் யாரும்மா?"

"விமானி, சார்."

"இதுல விமானியே கிடையாது. தானாப் பறக்கும்."

சித்தி விமானியை அழித்தார்.

"அப்போ ஜன்னல் எதுக்கு? யார் எட்டிப் பார்க்கப் போறாங்க?"

ஜன்னல்களும் போயின. கூராகச் சீவிய பென்சில் போன்ற ஒன்றுதான் எஞ்சியது.

"இப்பதான் சரி," என்ற பொறியாளரின் முகம் வாடியது. "ஆனா, இதை யாரும்மா யாருக்கு அனுப்புவாங்க?"

சித்தி அழிப்பானைக் கீழே வைத்தார். மூலையில் வண்ணக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்த அக்கா மகள் சிட்டு நிமிர்ந்தாள். அவளுக்கு ஒன்பது வயது.

"மாமா, அது முதல்முதலாப் பறந்தப்போ நீங்க என்ன பார்த்தீங்க?"

பொறியாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒண்ணுமே பார்க்கல பாப்பா! சத்தம் கேட்டு அண்ணாந்தேன். அதுக்குள்ள அது போயே போச்சு. வானத்துல வெள்ளையா ஒரு கோடு மட்டும். எல்லாரும் வாயைப் பிளந்துட்டு நின்னோம்."

அவர் குரல் அந்த வானத்திலேயே தங்கிவிட்டது.

"சித்தி, அதையே வரையேன்! அட்டையோட வெளிப்பக்கம் கோடும், அண்ணாந்து பார்க்கிறவங்களும்."

"விமானம் எங்கடி?"

"உள்ளே. நாம திறக்கிறதுக்கு முன்னாடியே வந்து நிக்கும்!"

தூரிகை ஓடியது. நீல வெளியின் குறுக்கே பால் சிந்தியதுபோல ஒரு கோடு. கீழே, அண்ணாந்த சின்னச் சின்ன முகங்கள்; அவற்றில் ஒன்றுக்கு மூக்குக் கண்ணாடி. உள்ளே, மேகங்களுக்கு மேல், தூங்கும் மீனைப்போல அந்த விமானம்.

பொறியாளர் அட்டையைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"என் வாய் இவ்வளவு பெரிசாவா இருந்துச்சு?"

"நீங்கதானே வாயைப் பிளந்துட்டு நின்னோம்னு சொன்னீங்க!" என்றாள் சிட்டு.

"சரி, அளவு தப்பில்ல," என்று முணுமுணுத்தபடி அவர் கையெழுத்திட்டார்.

சித்தி கை நீட்டினார். பொறியாளரோ அவரைக் கடந்து மூலைவரை நடந்து, ஒப்புதல் தாளைச் சிட்டுவிடம் கொடுத்தார்.